பழைய சொகுசு கன்வர்ட்டிபிள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பதிவு: சிஓஇயா, கிளாசிக்கா?

சிங்கப்பூரில் ஒரு பழைய சொகுசு கன்வர்ட்டிபிளின் விலையையும் பயனையும் முதலில் தீர்மானிப்பது அதன் பதிவுதான். ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு மெர்சிடிஸ் கார்களில் ஒன்று தினமும் அலுவலகம் போய்வரலாம்; மற்றொன்று ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் இறங்கலாம். முதல் கார் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழுடன் ஓடுவது. இரண்டாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்தில் பதிவானது. விற்பவர் சொல்லும் விலையைக் கேட்டு மலைப்பதற்கும் மகிழ்வதற்கும் முன்பு கார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சிஓஇ முறை 1990 மே மாதம் தொடங்கியது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். அல்லது கடந்த மூன்று மாத ஏலக் கட்டணங்களின் சராசரியைக் கட்டி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடி புதுப்பிக்க வழியில்லை. சொகுசுக் கார்கள் பெரும்பாலும் 1,600 சிசிக்கு மேற்பட்ட ‘பி’ பிரிவில் வருபவை. அந்தப் பிரிவின் கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது.

ஆகவே, சிஓஇ கார் என்றால் கேட்கும் விலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 10 ஆண்டுக்கு 100,000 வெள்ளி கட்டிப் புதுப்பித்த காரில் இன்னும் 48 மாதம் மிச்சம் என்றால், 120 மாதத்தில் 48 மாதத்துக்கான பங்கு 40,000 வெள்ளி. விற்பவர் 110,000 வெள்ளி கேட்டால் இரும்பு, தோல், மரம், துணி எல்லாவற்றுக்குமாகக் கொடுப்பது 70,000தான். அந்த 70,000 தகுமா என்பதே உண்மையான கேள்வி. புதுப்பித்த காரைப் பின்னாளில் பதிவு நீக்கும்போது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் கழிவு ஏதும் திரும்பி வராது. சாலை வரியும் 10 ஆண்டைத் தாண்டியதும் 10 விழுக்காடு கூடத் தொடங்கி, ஆண்டுதோறும் ஏறி, 50 விழுக்காட்டில் நிற்கும்.

கிளாசிக் திட்டத்தின் கணக்கே வேறு. முதன்முதலில் பதிவான நாளிலிருந்து 35 ஆண்டு கடந்த கார் இதில் சேரலாம். சாலை வரி ஆண்டுக்கு 310 வெள்ளி. 28 நாள் ஓட்டலாம். அதற்கு மேல் 17 நாள் வரை, நாளுக்கு 20 வெள்ளி கட்டி ஓட்டலாம். மெர்சிடிஸ் எஸ்எல் வரிசையில் ஆர்107 எனப்படும் மாடல் 1971 முதல் 1989 வரை வந்தது. மொத்தம் 237,287 கார்கள். அவற்றில் கடைசியாக வந்ததும் 2024-இல் 35 வயதை எட்டிவிட்டது. 1971-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் கார்னிஷின் முதல் இருபது ஆண்டுக் கார்கள், 1988-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் கன்வர்ட்டிபிளின் தொடக்க ஆண்டுக் கார்கள், 1989-இல் வந்த அடுத்த எஸ்எல்லான ஆர்129-இன் முதல் கார்கள் எல்லாம் இந்த வயதுக்கு வந்துவிட்டவை. கிளாசிக் திட்டத்தில் வாங்குபவரின் பணத்தில் பெரும்பகுதி காருக்கே போகிறது. காரில் குறை இருந்தால் சான்றிதழின் மதிப்பு வந்து கைகொடுக்காது.

ஆண்டுக்கு 45 நாள் என்றால், 320 நாள் அந்தக் கார் நின்றே தீர வேண்டும். சிங்கப்பூரில் இந்தக் கார்களின் பழுதுகள் பெரும்பாலும் நின்றதால் வருபவை: ரப்பர் இறுகும், பிரேக் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் கெடும், பேட்டரி படுத்துவிடும், தோலில் பூஞ்சை பூக்கும். கிலோமீட்டர் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதை அப்படியே பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரம் தவறாமல் எஞ்சினைச் சூடாக்கி, மாதம் ஒரு முறையாவது ஓட்டிய, இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்த கார், பத்தாண்டு உறைபோட்டு நிறுத்திய முப்பதாயிரம் கிலோமீட்டர் காரைவிட நல்லதாக இருப்பதே வழக்கம்.

கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் மாலை சூட்டிய திறந்த கார் வந்து நிற்பது கண்ணுக்கு நிறைவான காட்சிதான். சொந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஓட்டுவதில் சிக்கலில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் கல்யாணத்துக்கு அனுப்புவதற்கு வேறு உரிமம், வேறு காப்புறுதி தேவை. அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்த்துக் காருக்கு விலை பேசுவது தவறு.

ஊர்மாறி வந்த காரின் கதை

காரின் அடிச்சட்ட எண் மூன்று இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: உடற்கட்டில் குத்தியது, பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் உள்ளது, பதிவு ஆவணத்தில் உள்ளது. எழுத்து சரிவரப் பொருந்தாமலோ சுற்றிலும் புதுப் பெயின்ட் இருந்தாலோ அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். மெர்சிடிஸ் எண் இன்னும் பேசும். 107046 என்றால் 500 எஸ்எல், 107041 என்றால் 300 எஸ்எல். அதற்கு அடுத்து வரும் இலக்கம் 1 என்றால் தொழிற்சாலையில் இடப்பக்க ஸ்டியரிங்குடன் பிறந்த கார். 2 என்றால் வலப்பக்கம். இங்கே நிற்கும் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம், எண்ணில் 1 என்றால், யாரோ ஒரு பட்டறையில் ஸ்டியரிங், பிரேக் பெடல், டாஷ்போர்டு எல்லாவற்றையும் பெயர்த்து மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றிய காரை வாங்காமல் இருப்பதே நல்லது.

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. கிளாசிக் காருக்கு விலக்கு உண்டு. அதனால் இங்கே விற்பனைக்கு வருபவற்றில் ஒரு பகுதி அன்றைக்கு இங்கேயே புதிதாக விற்றவை, மறு பகுதி பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து பின்னாளில் வந்தவை. இங்கே விற்ற மெர்சிடிஸ் என்றால் 1951 முதல் முகவராக இருக்கும் சைக்கிள் அண்ட் கேரியேஜின் சர்வீஸ் முத்திரை புத்தகத்தில் இருக்கும். பிரிட்டனிலிருந்து வந்த காரின் அடிப்பாகம் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பைத் தின்ற அடிப்பாகம். அந்த நாட்டின் பழைய பதிவெண் கிடைத்தால், 2005-க்குப் பிந்திய எம்ஓடி சோதனை முடிவுகளை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எத்தனை மைல், எந்த ஆண்டில் துருவுக்காகத் தோற்றது என்பதெல்லாம் அதில் வரும். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட அது நம்பத்தக்கது. ஆஸ்திரேலியக் காரில் துரு குறைவு. வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், மரப்பட்டை நிறம் மங்கியிருக்கும். ஜப்பானில் ஐரோப்பியச் சொகுசுக் கார்களை இடப்பக்க ஸ்டியரிங்கோடு வாங்குவது ஒரு காலத்தில் மதிப்பாகக் கருதப்பட்டது. அங்கிருந்து வந்த காரில் மேலே சொன்ன இலக்கத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

கூரை

இந்த வகைக் காரில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கூரை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறக்குறைய 170 நாளில் மழை உண்டு. காற்றின் ஈரப்பதம் எப்போதும் அதிகம். ஐரோப்பாவில் கோடையில் மட்டும் ஓட்டுவதற்கென்று செய்த துணிக்கூரை இங்கே ஆண்டு முழுவதும் ஈரத்தோடு போராடுகிறது.

துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பு மோப்பம் பிடிக்க வேண்டும். கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சே போதும். பழைய தோலின் வாசம் ஒன்று. நனைந்து காயாத சாக்கு வாடை வேறு. வாசனைத் திரவியம் தெளித்திருந்தால் அது எதை மறைக்க என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதன்பின் துணியின் மடிப்புக் கோடுகள், தையல் ஓரங்கள், இரும்பு வளைவு படும் இடங்கள். அங்கெல்லாம் நூல் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறதா என்பதைக் காருக்குள் உட்கார்ந்து, கூரையை மூடிக்கொண்டு, நடுப்பகல் வெயிலில் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பின்ஜன்னல் உள்ள கார்களில் அது மஞ்சளித்து விறைத்திருந்தால் அடுத்த முறை மடிக்கும்போதே கீறிவிடும். உட்பக்கத் துணியில் கரும்புள்ளிகள் இருந்தால், ஈரக் கூரையை மடித்து வைத்த பழக்கம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

ஆர்107-இல் கூரையைக் கையால்தான் மடிக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் உள்ள உலோக மூடியைத் தூக்கி, கூரையை உள்ளே இறக்கி, மூடியைச் சாத்த வேண்டும். விற்பவரை மடிக்கச் சொல்லி வேடிக்கை பார்க்காமல் வாங்குபவரே ஒரு முறை மடித்து, ஒரு முறை விரிக்க வேண்டும். கொக்கி முன்கண்ணாடிச் சட்டத்தில் இலகுவாக விழ வேண்டும். முழு பலத்தோடு இழுத்தால்தான் விழுகிறது என்றால் துணி சுருங்கியிருக்கும், அல்லது உடற்கட்டு வளைந்திருக்கும். இரண்டாவது காரணம் என்றால் காரை விட்டுவிட வேண்டும்.

ஆர்129-இல் ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானே மடியும். அந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக் எண்ணெயும், பல இடங்களில் ஒளிந்திருக்கும் சிறு சிலிண்டர்களும். அவற்றின் ரப்பர் வளையம் நைந்ததும் எண்ணெய் கசியும். முன்கண்ணாடிக்கு மேலே உள்ள சிலிண்டர் கசிந்தால் ஓட்டுநரின் நெற்றிக்கு நேர் மேலே, சன்வைசர் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். சன்வைசரை இறக்கிவிட்டு அதன் பின்பக்கத்தை விரலால் தடவினால் தெரிந்துவிடும். கூரை நடுவழியில் தயங்கி நின்றால், “சுவிட்ச் கோளாறு, சின்ன வேலை” என்ற பதில் வரும். சின்ன வேலை என்றால் விற்பவரே செய்துவிட்டுக் காட்டட்டும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. ரப்பர்க் குழாயிலிருந்து மழை போல மென்மையாகத் தண்ணீரை முன்கண்ணாடியின் மேல் ஓரம், பக்கக் கண்ணாடிகள் கூரையைச் சந்திக்கும் மூலை, பின்ஜன்னல் ஓரம் என்று வரிசையாகப் பத்து நிமிடம் விட வேண்டும். உயர்அழுத்தக் குழாய் வேண்டாம்; அது நல்ல கூரையிலும் நீரைப் புகுத்திவிடும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கதவுக் கண்ணாடியின் முன்மூலையில் ஒரு துளி திரண்டு கீழிறங்குவது இந்த வயதுக் காருக்கு இயல்பு. ரப்பரை மாற்றினால் சரியாகும். நிறுத்தியபின், ஓட்டுநர் பக்கக் கால்விரிப்பைத் தூக்கி, கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து உரித்து, அடியில் உள்ள பஞ்சுப் படலத்துக்குள் கையை விட வேண்டும். மேலே காய்ந்த கம்பளம், அடியில் பிழிந்தால் சொட்டும் பஞ்சு என்று பல கார்கள் இருக்கும். பஞ்சு ஈரம் என்றால் தரைத் தகடும் ஈரம். அது அன்றைய சோதனைத் தண்ணீர் மட்டுமாக இருக்காது. கையில் செந்நிறப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் எத்தனையோ மழை அந்தத் தரையில் தங்கிவிட்டது.

தண்ணீர் உள்ளே வருவதற்குக் கூரையைவிடப் பெரிய காரணம் வடிகால் அடைப்பு. ஆர்107-இல் முன்கண்ணாடிக்கு அடியில், பானெட்டின் பின்னால் காற்று நுழையும் சல்லடை உண்டு. சிங்கப்பூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் அந்தச் சல்லடைக்குள் எளிதாக நுழையும். நுழைந்து, ஊறி, சேறாகி, வடிகாலை அடைக்கும். தேங்கிய நீர் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவரை உள்ளிருந்து அரிக்கும். இந்தக் காரில் பழுதுபார்க்கச் செலவு மிகுந்த துரு இதுதான்; டாஷ்போர்டு, ஹீட்டர் பெட்டி எல்லாவற்றையும் கழற்றாமல் அங்கே கை போகாது. சல்லடை வழியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூரை மடிந்து இறங்கும் குழியின் வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, அது பின்சக்கரத்தின் பக்கம் வழிந்து வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆர்107-உடன் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையும் வரும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கழற்றினால் வைக்க இடம் வேண்டும். வீவக வீட்டில் இருப்பவர் அதை எங்கே வைப்பது என்று வாங்குவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். இடமில்லை என்று கெட்டிக் கூரையை மாட்டியே வைத்திருந்த கார்களில் அடியில் மடிந்துகிடக்கும் துணிக்கூரை ஆண்டுக்கணக்கில் வெளிச்சமே பார்த்திருக்காது. அதை விரிக்காமல் விலை பேசக் கூடாது.

உடற்கட்டும் துருவும்

மேற்கூரை இல்லாத காரில் உடலின் பலம் முழுவதும் தரையிலும் கதவுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டங்களிலும் இருக்கிறது. எனவே அங்கே துரு என்றால் அது அழகுக்குறை மட்டும் அல்ல. காரை லிஃப்டில் ஏற்றாமல் இதைப் பார்க்க முடியாது. சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் பட்டறைகள் நிறைய உள்ளன. விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒன்றைத் தேர்ந்து, ஒரு மணி நேரம் லிஃப்டுக்குக் காசு கொடுப்பது வீண் செலவாகாது.

அடியில் பார்க்க வேண்டியவை: ஜாக்கி வைக்கும் இடங்கள், பக்கச் சட்டத்தின் இரு முனைகள், சக்கர வளைவுகளின் உட்புறம், டிக்கியின் தரை. புதிதாகக் கருந்தார் பூசியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி பூசிய இடமும் அரித்த இடமும் மந்தமாக ஒலிக்கும். வெளிப்புறத்தில், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, விளக்கைச் சுற்றி என்று நகர்த்தினால் பட்டி தடித்த இடத்தில் பிடி விட்டுப்போகும். பானெட், டிக்கி மூடிகள் சில மாடல்களில் அலுமினியம் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாதது குறையல்ல. ஆர்107-இல் எஞ்சினைத் தாங்கும் முன் சப்ஃபிரேமில் விரிசல் வருவதுண்டு. ஸ்டியரிங் பெட்டி அருகே அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கூரையைத் திறந்து வைத்தபடி ஒரு சக்கரத்தை மட்டும் சரிவான மேட்டில் ஏற்றி நிறுத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. பலமான உடற்கட்டில் கதவு முன்போலவே மூடும். உளுத்த உடற்கட்டில் கதவு சட்டத்தில் உரசும், அல்லது மூடவே மறுக்கும்.

பெயின்ட், குரோமியம், தோல் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை; அவை கண்ணுக்குத் தெரிபவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலிலக்க எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. நின்றே பழகிய காரில் பட்டை தேயாத, பத்து வயதான டயர்கள் சாதாரணம். பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவை தூக்கி எறிய வேண்டியவையே.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கேட்பது

பார்க்க வருவதற்கு முன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். வந்ததும் பானெட்டின்மேல் கை வைத்தால் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியும். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது நீலப் புகை ஒரு முறை வந்து மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கும், இது சமாளிக்கத்தக்கது. ஓடும்போதும் நீலம் விடாமல் வந்தால் பிஸ்டன் வளையம் வரை போய்விட்டது. முன்பக்கத்தில் சங்கிலி சரசரக்கும் ஓசை சில விநாடிக்குமேல் நீடித்தால் டைமிங் செயினும் அதன் வழிகாட்டிகளும் மாற்ற வேண்டியவை.

அக்காலத்து மெர்சிடிஸில் எண்ணெய் அழுத்தமானி 3 வரை காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது முள் இறங்கினால் பதற வேண்டாம். மிதியை லேசாக அழுத்தியதும் அது உடனே 3-க்குப் பாய வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது. 1970, 80-களின் கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சும் கே-ஜெட்ரானிக் வகை அமைப்பு, கெட்ட பெட்ரோலோடு நீண்டநாள் நின்றால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். குளிரில் நன்றாகக் கிளம்பி, சூடாக அணைத்து இருபது நிமிடம் கழித்துக் கிளம்ப மறுப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆகவே ஓட்டிப் பார்த்ததும் உடனே கிளம்பிவிடாமல், ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது பலன் தரும்.

ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ்ஸின் வி12 எஞ்சினில் அச்சம் சூடுதான். ஒருமுறை அளவுமீறிச் சூடேறிய எஞ்சினில் வால்வு இருக்கை கழன்று விழும் அபாயம் உண்டு. ரேடியேட்டர் கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். எஞ்சினின் ‘வி’ பள்ளத்தில் ஓடும் பெட்ரோல் குழாய்கள் வெடித்து உலர்ந்திருந்தால் தீப்பிடிக்கும். அவற்றை மாற்றாத காரை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. தொடக்க ஆண்டுக் கார்களில் பின்பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். அங்கே எண்ணெய் கசிந்தால் பிரேக் நனையும். கழற்றி மாட்டும் கூலியும் மிக அதிகம்.

ரோல்ஸ்-ராய்ஸ் கார்னிஷில் பிரேக்கும் பின்பக்க உயரச் சமநிலையும் ஒரே உயர்அழுத்த ஹைட்ராலிக் அமைப்பில் ஓடுகின்றன. 1970-களின் கார்களுக்கு ஆர்ஆர்363 என்ற பிரேக் திரவம்; 1980-களின் கார்களுக்குக் கனிம எண்ணெய். ஒன்றில் மற்றொன்றை ஊற்றிவிட்டால் எல்லா சீல்களும் கெட்டு, அமைப்பு முழுவதையும் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். இதற்கு முன்பு யார் சர்வீஸ் செய்தார், எந்தத் திரவத்தின் புட்டியை வாங்கினார் என்பதற்கு ரசீது இல்லாத கார்னிஷை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்கலாகாது.

குளிரூட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கார்கள் ஆர்12 வாயுவுக்காகச் செய்தவை. அது இன்று கடைகளில் இல்லை. ஆர்134ஏ-க்கு மாற்றிய கார் என்றால் வாயுவை மட்டும் மாற்றினார்களா, ட்ரையரையும் சீல்களையும் சேர்த்து மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். திறந்த கார்தானே, ஏசி எதற்கு என்று விட்டுவிட முடியாது. இந்த ஊரில் நண்பகலிலும் மழையிலும் கூரை மூடியேதான் ஓடும்.

சாலையில்

ஓட்டிப் பார்க்கும் நாளும் கிளாசிக் காரின் 45-இல் ஒன்று. அன்றைக்குக் காரை இறக்க நாள் மிச்சம் இருக்கிறதா, வேறொருவர் ஓட்டக் காப்புறுதி இடம் தருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விரைவுச்சாலையில் நாலு நிமிடம் ஓட்டிக் காட்டுவதையே விற்பவர்கள் விரும்புவார்கள். காற்று வீசும்போது எந்த ரேடியேட்டரும் நன்றாகத்தான் வேலை செய்யும். காரின் உண்மை தெரிவது லிட்டில் இந்தியாவின் மாலை நெரிசலில். சிராங்கூன் சாலையில் நுழைந்து, தேக்கா, முஸ்தபா பக்கம் ஊர்ந்து, சையது ஆல்வி சாலையில் திரும்பி, ஜாலான் புசார் வழியாக வெளியேறும் ஒரு சுற்று அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியும் ஏசியைப் போட்டு வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் ஏறி, 100-ஐ ஒட்டி நின்று, கார் நகர்ந்ததும் இறங்கினால் பரவாயில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். அதே நெரிசலில் கியர் விழும்போது இடிக்கிறதா, பிரேக்கை விட்டதும் சக்கரம் பிடித்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நின்றே பழகிய காரில் பிரேக் ஒட்டிக்கொண்டால் இறங்கியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் வாடையும் இருக்கும்.

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைந்த ஏற்றத்தில் கூரையைத் திறந்து ஏறினால் உடற்கட்டின் நடுக்கம் புரியும். முன்கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்வது எல்லாப் பழைய திறந்த கார்களுக்கும் உள்ளது. உள்கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாத அளவுக்கு நடுங்கினால், லிஃப்டில் பார்த்ததை மறுபடி பார்க்க வேண்டும்.

சோதனைச் சான்று, ஒப்பந்தம், கைமாற்றம்

பத்து ஆண்டைத் தாண்டிய சிஓஇ கார்கள் ஆண்டுதோறும் விக்கம் போன்ற நிலையங்களில் சோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சோதனையில் தேறியதை வாங்கத்தக்க கார் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பிரேக், விளக்கு, புகை ஆகியவை அன்றைய தினம் விதிக்குள் இருந்தன என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை. கம்பளத்துக்கு அடியில் எந்த நிலையத்திலும் கை விடுவதில்லை. வாங்குவோருக்கெனத் தனியாகச் செய்யும் மதிப்பீட்டுச் சோதனை வேறு. அதற்குக் காசு கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும்.

வியாபாரியிடம் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம் துணைக்கு வரும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழைய காருக்கும் இது பொருந்தும். ஆனால் காரின் வயதையும் விலையையும் வைத்தே குறை எடைபோடப்படும் என்பதால், நாற்பது வயதுக் காரின் ஒவ்வொரு கசிவையும் வியாபாரியின் தலையில் கட்ட முடியாது. தனியாரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் இல்லை. சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றமும் 20,000 வெள்ளி வரைதான், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரைதான் விசாரிக்கும். இந்த விலைக் கார்களின் வழக்குகள் பெரும்பாலும் அதற்கு மேல் போய்விடும். அதனால் முன்பணம் கொடுக்கும்போதே, சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவசியம். காரின்மேல் கடன் இருந்தால், நிதி நிறுவனத்தின் கடன்தீர்ப்புக் கடிதத்தைப் பார்க்காமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது.

காப்புறுதியை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் எடுப்பது நல்லது. சாதாரண முறையில் சந்தை மதிப்பு என்று நிறுவனம் சொல்வது, அரிதான ஒரு காருக்கு உரியவர் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். இது போக, வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டு வேலைகளுக்கென ஒதுக்க முடியாதவர் ஒரு படி மலிவான மாடலின் நல்ல காரைத் தேடுவதே விவேகம். நன்றாகப் பராமரித்த 300 எஸ்எல், கவனிக்காமல் விட்ட கார்னிஷைவிடப் பல மடங்கு இன்பம் தரும்.

உரிமை மாற்றத்தை ஒன்மோட்டரிங் தளத்தில் விற்பவர் தொடங்க, வாங்குபவர் சிங்பாஸ் வழியாக ஏற்றுக்கொள்வார். அதற்குமுன் வாங்குபவர் பெயரில் காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும். அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு: இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம், பழைய ரசீதுகள், இறக்குமதி ஆவணங்கள், கெட்டிக் கூரையும் அதைக் கழற்றும் கருவியும், கழற்றி வைத்த அசல் பாகங்கள். பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், அவை வரும் வரை விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.